108 ஏன், 22 ஏன், 8 என்றால் ஏன் முகம் சுளிக்கிறார்கள்? கடைக்கு வருகிறவர்களுக்கு என்ன சொல்வது?

சங்குக்கடை (ராமேஸ்வரம்)

எல்லோருக்கும் வணக்கம். கோயில் பக்கத்தில் சின்னக் கடை வைத்திருக்கிறோம். சங்கு, சிப்பி, ஸ்படிக மாலை, ருத்திராட்சம், இதுதான் வியாபாரம். விடியற்காலை ஸ்படிக லிங்க தரிசனம் முடித்துவிட்டு வெளியே வருகிற கூட்டம்தான் எங்களுக்குப் போணி. அதில் பாதிப் பேர் மாலையைக் கையில் வாங்கியதுமே மணியை எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள். எண்ணி முடித்த கையோடு கேள்வி வரும்: ஏன் 108, நூறோடு நிறுத்தினால் ஆகாதா?

வடக்கே இருந்து வருகிறவர்கள் இன்னொன்று கேட்கிறார்கள், உள்ளே தீர்த்தம் ஏன் 22, அதில் என்ன விசேஷம் என்று. மூன்றாவது நம்ம ஊர் ஆட்கள். போன வாரம் ஒருவருக்கு 260 ரூபாய் ஆனது, கூட்டினால் எட்டு வருகிறது என்று சொல்லி 261 ரூபாயாக எண்ணி வைத்துவிட்டுப் போனார். எனக்கு ஒரு ரூபாய் லாபம், அது வேறு விஷயம்.

இதுவரை வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியைச் சொல்லித்தான் சமாளித்துக்கொண்டிருக்கிறேன், சூரியன் இங்கிருந்து அதன் அகலத்தைப் போல் 108 மடங்கு தூரத்தில் இருக்கிறது என்று. கேட்கிறவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள், ஆனால் சொல்கிற எனக்கே நம்பிக்கை இல்லை. கல்லாவில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடிய மாதிரி, புளுகு இல்லாமல், யாராவது சொல்லுங்களேன்.

புல்லாணிக்காரன்

தம்பி, 108க்குப் பஞ்சாங்கத்திலேயே கணக்கு இருக்கிறது, சூரியன் வரை போக வேண்டாம். நட்சத்திரம் 27. ஒவ்வொன்றுக்கும் நாலு பாதம். பெருக்கினால் 108. பிள்ளைக்குப் பெயர் வைக்க முதலெழுத்து பார்க்கிறோமே, அஸ்வினி என்றால் சு, சே, சோ, லா, அந்த நாலும் நாலு பாதத்துக்கு உரியவை. இதையே ராசி வழியாக எண்ணினாலும் அங்கேதான் வந்து நிற்கும். பன்னிரண்டு ராசி, ராசிக்கு ஒன்பது பாதம். ஜாதகத்தில் ராசிக் கட்டத்துக்குப் பக்கத்தில் நவாம்சம் என்று இன்னொரு கட்டம் போட்டிருப்பார்கள், அந்த ஒன்பதுதான் அது. வட்டத்துக்கு 360 பாகை, அதில் ஒரு பாதம் 3 பாகை 20 கலை (பாகைக்கு 60 கலை). ஆகவே 108 தரம் நாமத்தைச் சொன்னால் வானத்தை ஒரு முழுச் சுற்று வந்ததாகக் கணக்கு என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கடையில் இதைச் சொல்லுங்கள், பஞ்சாங்கம் தெரிந்தவன் வந்தாலும் தலையாட்டுவான்.

மாலையில் தனியாகப் பெரிதாகத் தொங்குமே மேரு, அது இந்த 108இல் சேராது. விரல் அதுவரை வந்ததும் அதைத் தாண்டாமல் மாலையைத் திருப்பிப் பிடித்து வந்த வழியே போக வேண்டும். சிலர் மேருவையும் சேர்த்து 108 ஆகக் கோர்த்து அனுப்பிவிடுகிறார்கள், அதனால்தான் உங்கள் வாடிக்கையாளர்கள் நின்று எண்ணுகிறார்கள். சரக்கு எடுக்கும்போதே பார்த்து வாங்குங்கள். 54, 27 என்று சின்ன மாலை கேட்டால் தயங்காமல் கொடுக்கலாம், 54 என்றால் இரண்டு சுற்று, 27 என்றால் நாலு சுற்று.

எங்கள் ஊரும் ஒரு 108க்குள் இருக்கிறது. ராமர் கடலரசனிடம் வழி கேட்டுத் தர்ப்பைப் புல்லில் மூன்று நாள் படுத்துக் கிடந்த இடம் என்று தர்ப்பசயன ராமரைச் சேவிக்க வருகிறார்களே, அந்தத் திருப்புல்லாணி 108 திவ்ய தேசங்களில் ஒன்று. திருமங்கையாழ்வார் பாடியது. இந்த 108இல் 106தான் பூமியில் உள்ளவை, திருப்பாற்கடலும் பரமபதமும் இந்த உடம்போடு போக முடியாதவை. எல்லாத் திவ்ய தேசமும் பார்த்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

மண்டபம் வாத்தியார்

சூரியன் கணக்கை நான் போட்டுக் காட்டுகிறேன், பிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். சூரியனின் சராசரி தூரம் 14.96 கோடி கிலோமீட்டர், விட்டம் சுமார் 13.9 லட்சம் கிலோமீட்டர். வகுத்தால் 107.5 வரும். ஆனால் பூமி ஒரே தூரத்தில் நிற்பதில்லை. ஜனவரி தொடக்கத்தில் கிட்டத்தில் இருக்கும்போது ஏறக்குறைய 105.6, ஜூலையில் எட்டத்தில் இருக்கும்போது 109.2. நிலாவுக்கு இதையே செய்தால் சராசரி 110.6 வருகிறது, அதுவும் 104க்கும் 117க்கும் நடுவில் ஊசலாடும். ஆக 108 என்பது வழியில் கடந்து போகிற ஒரு எண், அவ்வளவுதான். "சரியாக 108" என்று செய்தியில் போடுகிறவர்கள் யாரும் வகுத்துப் பார்த்ததில்லை.

ஒன்று மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். தூரம் தெரியாமலே இந்த விகிதத்தைக் கண்டுபிடிக்கலாம். ஒரு முழக் கம்பை நட்டு வைத்துவிட்டு அதைப் போல் 108 மடங்கு தூரம் தள்ளிப் போய் நின்றால் கம்பின் உயரமும் பௌர்ணமி நிலாவின் அகலமும் கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியும். சங்குமால் கடற்கரையில் மணல் திட்டாக இருக்கிற இடத்தில் பிள்ளைகளை வைத்துச் செய்து பார்க்கலாம் (நிலாவை வைத்துத்தான், சூரியனைப் பார்க்க விடாதீர்கள்). அதனால் பழங்காலத்தில் யாரும் கவனித்திருக்கவே முடியாது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 27ஐ நாலால் பெருக்குகிற கணக்கு வீட்டுத் திண்ணையிலேயே கிடைக்கும்போது, அதை விட்டுவிட்டு விண்வெளிக்குப் போவானேன்?

இந்தப் பக்கத்து ஆள் என்பதால் எனக்குப் பிடித்த எண் வேறு. வால்மீகி ராமாயணத்தில் சேது கட்டிய கணக்கு நாள்வாரியாக இருக்கிறது. முதல் நாள் 14 யோசனை (அந்தக் காலத்துத் தூர அளவு), இரண்டாம் நாள் 20, பிறகு 21, 22, 23. ஐந்து நாளில் நூறு யோசனை, அகலம் பத்து. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். முதல் நாள் வேலை மந்தம், அடுத்த நாள் கை பழகி ஒரே தாவலாக ஏறுகிறது, அதன் பிறகு தினம் ஒரு யோசனைதான் கூடுகிறது. எந்தக் கட்டட வேலையிலும் இப்படித்தான் நடக்கும், கவிக்கு வேலைத்தளம் தெரிந்திருக்கிறது! ஆனால் இதை நில அளவையாக எடுத்துக்கொண்டு இந்தக் கடலோடு பொருத்தப் பார்த்தால் மாட்டிக்கொள்வீர்கள். யோசனையை எவ்வளவு குறைத்து வைத்தாலும் நூறு யோசனை என்பது பல நூறு கிலோமீட்டர், இங்கே தனுஷ்கோடி முனைக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான்.

தேவிபட்டினத்துக்காரி

வாத்தியார் சார் சொல்வது சரி, ஆனாலும் 9 பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் ஊரே அந்த எண்ணில்தான் பிழைக்கிறது. கடலுக்குள் நவபாஷாணம், ஒன்பது கல். போருக்குப் புறப்படும் முன் ராமர் மணலில் பிடித்து வைத்த நவகிரகம் என்பது ஐதீகம். ஒன்பது சுற்று சுற்றுவார்கள், சிலர் தண்ணீரில் இறங்கி, சிலர் மேலே நடைமேடையிலேயே.

எங்கள் அம்மா நவதானியப் பொட்டலம் கட்டுவார். சின்ன வயதிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து நானும் கட்டியிருக்கிறேன், அதனால் கிரக வரிசையை நான் தானியமாகத்தான் கற்றுக்கொண்டேன். சூரியனுக்குக் கோதுமை, சந்திரனுக்கு நெல், செவ்வாய்க்குத் துவரை, புதனுக்குப் பச்சைப்பயறு, வியாழனுக்குக் கொண்டைக்கடலை, சுக்கிரனுக்கு மொச்சை, சனிக்கு எள், ராகுவுக்கு உளுந்து, கேதுவுக்குக் கொள்ளு. ஒன்பதும் அளவு சமமாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை, ஆனால் ஒன்று குறைந்தால் பொட்டலத்தைத் திருப்பித் தந்துவிடுவார்கள். மொச்சை விலை ஏறுகிற மாதங்களில் நாலு பருப்புதான் போடுவோம், இருந்தாலும் போட்டாக வேண்டும்.

இன்னொன்று, 9ஐ எதால் பெருக்கினாலும் விடையின் இலக்கங்களை ஓர் இலக்கம் ஆகும்வரை கூட்டிக்கொண்டே போனால் திரும்பவும் 9 வரும். 18, 27, 108, 1008 எல்லாமே. கலியுகத்துக்கு 4,32,000 வருடம், அதைக் கூட்டினாலும் 9. இது சும்மா வந்ததா?

மண்டபம் வாத்தியார்

சும்மா வந்ததுதான் தங்கச்சி, கோபித்துக்கொள்ள வேண்டாம். நாம் பத்துப் பத்தாக எண்ணுவதால் பத்துக்கு ஒன்று குறைந்த எண்ணுக்கு அந்தக் குணம் வருகிறது. எட்டு எட்டாக எண்ணுகிற ஒரு தேசம் இருந்தால் அங்கே 7 இதே வித்தையைக் காட்டும், அவர்கள் ஏழு தானியம் கட்டுவார்கள்.

ஆனால் யுகக் கணக்கு அழகான கணக்கு, அதை விட்டுவிட மாட்டேன். கலி 4,32,000. துவாபரம் அதைப் போல் இரண்டு மடங்கு 8,64,000. திரேதா மூன்று மடங்கு 12,96,000. கிருதம் நாலு மடங்கு 17,28,000. மொத்தம் 43,20,000. ஆக ஒரு சதுர்யுகம் என்பது கலியைப் போல் பத்து மடங்கு. 432 என்பதும் 108இன் நாலு மடங்கு. கோள்கள் எல்லாம் மிச்சமில்லாமல் முழுச் சுற்று வந்து சேர்கிற பெரிய பொது எண் ஒன்று ஜோதிடக் கணிதக்காரர்களுக்குத் தேவைப்பட்டது, சூரிய சித்தாந்தம் கிரகச் சுற்றுகளை 43,20,000 வருடத்துக்கு இத்தனை என்று முழு எண்ணாகவே கொடுக்கிறது. பின்னம் இல்லாமல் கணக்குப் போட வேண்டுமென்றால் பல எண்களால் மீதியின்றி வகுபடுகிற எண் வேண்டும். 108உம் அந்த ஜாதிதான். 2, 3, 4, 6, 9, 12, 18, 27 எல்லாவற்றாலும் வகுபடும். நூறை மூன்றால் வகுத்துப் பாருங்கள், முழிக்கும். நூறோடு நிறுத்தினால் ஆகாதா என்று கேட்பவருக்கு இதையே சொல்லலாம்.

கிழக்குவாசல்

22 பற்றிக் கேட்டதற்கு ஒருவரும் பதில் போடவில்லை. அதற்கு ராமருடைய அம்பறாத்தூணியில் இருந்த 22 அம்புகளைக் குறிக்கிறது என்று ஒரு கதை உண்டு, வழிகாட்டிகள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். எனக்கு என்னவோ அது எண்ணின பிறகு வந்த கதை என்றுதான் படுகிறது. ஏனென்றால் 22 என்பது வேறு எங்குமே புனித எண் இல்லை. 22 நாமாவளி கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 22 விளக்கு? 22 மணி மாலை கேட்டு யாராவது உங்கள் கடைக்கு வந்திருக்கிறார்களா? கிடையாது. மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் முடிகிற வரிசையில் பெரும்பாலும் கிணறுகள், நளன், நீலன், கவயன், கவாட்சன் என்று பாலம் கட்டிய வானரங்கள் பெயரில்கூட இருக்கின்றன. கங்கை, யமுனை, கயை மூன்றும் அடுத்தடுத்து வரும். எண்ணினால் 22, அவ்வளவுதான். இந்தத் தீவில் வெளியே இருப்பவற்றையும் சேர்த்து 64 தீர்த்தம் என்பார்கள், அந்த 64 வேண்டுமானால் கலைகள் 64, திருவிளையாடல் 64 என்கிற வரிசையில் சேரும்.

நான் பார்த்தவரை இரண்டு வகை எண் இருக்கிறது. ஒன்றில் எண் முதலில் வரும், பொருள் பிறகு அதற்குள் பொருந்தும். 108 உபநிடதம் அப்படி. முக்திகோபநிடதத்தில் உள்ள பட்டியலில் ருக்குக்கு 10, சுக்ல யஜுர் 19, கிருஷ்ண யஜுர் 32, சாமம் 16, அதர்வணம் 31 என்று போட்டு 108க்குக் கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறார்கள், ஆனால் உபநிடதம் என்ற பெயரில் இருக்கும் நூல்கள் அதைவிட அதிகம். இன்னொன்றில் பொருள் முதலில் இருக்கும், எண்ணினால் எது வருகிறதோ அதுதான். நம் மூன்றாம் பிராகாரத்துக்கு 1212 தூண் என்பார்கள், யாரும் அதற்குத் தத்துவம் சொல்லிக் கேட்டதில்லை. பாடல் பெற்ற தலங்கள் 274 என்று இருந்தது, பிறகு திருவிடைவாய்ப் பதிகம் கல்வெட்டில் கிடைத்தது, கிளியனூரும் சேர்ந்தது, இப்போது 276 என்கிறோம். ஒருவரும் கலங்கவில்லை. பாண்டிய நாட்டுக்கு மட்டும் 14, அதில் நம் ராமேஸ்வரமும் திருவாடானையும் உண்டு.

நாயன்மார் 63 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. திருத்தொண்டத்தொகையில் சுந்தரர் பாடிய தனியடியார் 60, தொகையடியார் ஒன்பது கூட்டம். பிற்பாடு சுந்தரரையும் அவருடைய அப்பா அம்மாவையும் சேர்த்து 63 ஆக்கினார்கள். பாடினவரையே விட்டுவிட்டு எப்படி எண்ணுவது, அது நியாயம்தானே.

கீழக்கரை காக்கா

இந்து சாத்திரம் பேசுகிற இடத்தில் நுழைகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 786 இருக்கிற பத்து ரூபாய் நோட்டை எங்கள் வாப்பா கடைசி வரை செலவழிக்கவில்லை. பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளுக்கு அப்ஜத் கணக்கில் எண் போட்டுக் கூட்டினால் அது வரும். மார்க்கத்தில் இதற்கு ஆதாரம் இல்லை என்று எங்கள் ஆலிம்கள் பலர் சொல்வார்கள், சொன்னாலும் வண்டிக்கு 786 கேட்கிற ஆள் குறையவில்லை. சங்குக்கடைத் தம்பி, தஸ்பீஹ் மணியும் வையுங்கள், 33 மணி அல்லது 99. ஏர்வாடிக்குப் போகிறவர்கள் உங்கள் தெரு வழியாகவும் வருகிறார்கள்.

8 பற்றிச் சொல்கிறேன், நான் வண்டி வாங்கி விற்கிறவன், டிஎன் 65இல் (நம் ராமநாதபுரம் வண்டிப் பதிவு) எண்ணைக் கூட்டினால் எட்டு வருகிற வண்டியைத் தள்ளிவிடுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். ஆனால் எட்டு உங்கள் பக்கம் கெட்ட எண்ணே இல்லையே, அஷ்டலட்சுமி எட்டுதானே?

புல்லாணிக்காரன்

காக்கா நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஓம் நமோ நாராயணாய எட்டெழுத்து. கிருஷ்ணன் பிறந்ததே எட்டாவது பிள்ளையாக, அதுவும் அஷ்டமியில். திசை எட்டு, சித்தி எட்டு. இதில் எட்டைப் பார்த்துப் பயப்பட என்ன இருக்கிறது? அந்தப் பயம் நியூமராலஜி வழியாக வந்தது. கீரோ என்ற ஐரோப்பியக் கைரேகைக்காரர் போட்ட வரிசையில் எட்டு சனிக்கு உரியது, அதைத்தான் இங்கே எடுத்துக்கொண்டார்கள். அவர் யுரேனஸ், நெப்டியூன் என்று போட்ட இடங்களில் நம் ஆட்கள் ராகு, கேதுவை வைத்து உள்ளூர்ச் சரக்கு மாதிரி ஆக்கிவிட்டார்கள். நம் கணக்கில் சனி ஏழாவது. வாரத்தில் எண்ணினாலும் ஏழு, நவகிரக வரிசையில் எண்ணினாலும் ஏழு. மேலே எள் எத்தனையாவதாக வருகிறது என்று பாருங்கள்.

அதனால் 260ஐ 261 ஆக்கியவர் நம் சாத்திரப்படி எதையும் தவிர்க்கவில்லை. ஆனால் மொய்க்கு 101, 501 என்று ஒரு ரூபாய் கூட வைப்பது வேறு, அதை இதோடு சேர்க்காதீர்கள். வட்டமாக முடிந்துபோகாமல் ஒன்று மேலே போகட்டும் என்று வைப்பது அது. இப்போது ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டியே மொய்க் கவர் விற்கிறார்கள், நீங்களும் நாலு கட்டு வாங்கிப் போடுங்கள். எங்கள் மாமனார் ஊர் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம், களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், "லாபம்" என்று சொல்லிவிட்டுத்தான் இரண்டு, மூன்று என்று போவார்கள்.

சங்குக்கடை

அண்ணன்மார்களுக்கும் அக்காவுக்கும் நன்றி. 27ஐ நாலால் பெருக்குவதை இன்று காலையே ஒரு குடும்பத்திடம் சொன்னேன், அந்த அம்மா உடனே தன் நட்சத்திரம், பாதம் எல்லாம் சொல்லி, அப்படியானால் என் மணி இதில் எத்தனையாவது என்று கேட்டுவிட்டார். உத்திராடம் இரண்டாம் பாதம். நான் முழித்தேன். அது எப்படிக் கணக்குப் போடுவது?

புல்லாணிக்காரன்

அஸ்வினியிலிருந்து எண்ணினால் உத்திராடம் 21ஆவது நட்சத்திரம். அதற்கு முன் 20 நட்சத்திரம், நாலால் பெருக்கினால் 80. இரண்டாம் பாதம் என்றால் 82ஆவது மணி. இப்படி எண்ண வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை, கேட்டால் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

கோவையிலிருந்து

படிக்க நன்றாக இருந்தது. தை அமாவாசைக்கு அப்பா அம்மாவோடு வருகிறோம். 22 தீர்த்தமும் ஆட வேண்டுமா, இல்லை கோடி தீர்த்தம் மட்டும் போதுமா? அம்மாவுக்கு முட்டி வலி.

கிழக்குவாசல்

முதலில் அக்னி தீர்த்தம், அதாவது கடல். பிறகு உள்ளே வரிசையாக 22. முடியாதவர்கள் கடலில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுத் தரிசனத்துக்குப் போவதும் வழக்கத்தில் உள்ளதுதான், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கிணற்றின் மேல் நின்று வாளியால் இறைத்து ஊற்றுவார்கள், கீழே கல்தளம் முழுக்க ஈரம், அமாவாசைக் கூட்டத்தில் பின்னால் இருப்பவர்கள் தள்ளுவார்கள். முட்டி வலி இருப்பவரை அன்றைக்குக் கூட்டிப் போக வேண்டாம், ஒருநாள் முன்னாலேயே வந்து ஆடிவிடுங்கள், அமாவாசையன்று கடல் மட்டும் போதும். ஈரத் துணியோடு சன்னதிக்குள் விட மாட்டார்கள், மாற்றுத் துணி கையிலேயே இருக்கட்டும்.